எரிந்த பதிவேடுகளும் எஞ்சிய குறிப்புகளும்

ஒரு காணி இன்னாருக்கு உரியது என்பதை எவ்வாறு அறிகின்றோம்? வேலி அடைத்திருப்பதைக் கண்டு ஒருவாறு அறியலாம். அயலாரைக் கேட்டும் அறியலாம். ஆயின் வேலி நகரக்கூடியது. அயலாரோ இறந்துபடுவர், அன்றேல் ஊரைவிட்டுப் போய்விடுவர். ஆதலினாலேயே எழுத்துச் சான்று வேண்டப்பட்டது. நம் நாட்டில் ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளும், பிரித்தானியர் நிறுவிய காணிப் பதிவுக் கந்தோர்களும் இத்தேவை பற்றி எழுந்தனவே. தகரப் பெட்டியின் அடியில் நகைகளுக்கு அடுத்தபடியாக உறுதிகளை வைத்துப் பேணும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் பல. இவ்வுறுதிகளும், இவற்றின் பதிவுகள் அடங்கிய கந்தோரும், ஒரே இரவில் முற்றாக அழிந்துபட்டால் யாது நிகழும்? இது கற்பனை வினா அன்று. 1871 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உண்மையாகவே நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சியையும் அதன் முன்பின் வரலாற்றையும் இங்கே ஆராய்வோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே மாநில அரசுக்குக் கீழே 'கவுண்டி' என்னும் ஆட்சிப் பிரிவு ஒன்று உண்டு. இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியோர் தம்முடன் கொண்டு சென்ற சொல் இது. நம்முடைய மாவட்டத்துக்கு இதனை ஓரளவு ஒப்பிடலாம். இன்று அத்தகைய பிரிவுகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை அந்நாட்டில் உள்ளன. சிக்காகோ அமைந்துள்ள இல்லினோய் மாநிலத்தில் மாத்திரம் 102 உள. காணி உறுதிகளைப் பதிவதும், குடியியல் வழக்குகளின் ஏடுகளைப் பேணுவதும், இறந்தோரின் மரணசாசனங்களை ஏற்பதும் பெரும்பாலும் கவுண்டித் தலைநகரிலேயே நடைபெறுகின்றன. வடகிழக்கிலே கனெற்றிக்கட், றோட் ஐலன்ட், வேர்மன்ட் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் காணிப் பதிவு ஊராட்சிகளிடம் உள்ளது.

காணிக் கைமாற்றத்தை எல்லோரும் அறியப் பதிதல் வேண்டும் என்னும் எண்ணம் இங்கிலாந்தில் எளிதில் வேரூன்றவில்லை. 1536 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திலே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தைச் சுற்றிக் கடந்து செல்லச் சட்ட வல்லுநர் வழி கண்டுபிடித்தனர். தம் நிலபுலன்களையும் அவற்றின்மீதுள்ள கடன்களையும் பிறர் அறிவதை நிலப்பிரபுக்கள் விரும்பவில்லை. 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யோக்சயரிலும் மிடில்செக்சிலுமே கவுண்டிப் பதிவகங்கள் நிறுவப்பட்டன. ஆயின் கடல் கடந்து சென்றோர் நிலை வேறு. புதிய நாட்டிலே பரம்பரை நினைவு என்று ஒன்று இல்லை. இக்காணியைப் பாட்டன் உழுதான் என்று சாட்சி கூற ஆளில்லை. ஆகவே 1640 ஆம் ஆண்டிலேயே மசச்சூசெற்ஸ் குடியேற்றம் உறுதிகளைப் பதிய விதி செய்துவிட்டது. அதன் சாரம் இதுவே: பதியப்படாத உறுதி, அதனை அறியாது பின்னர் விலைகொடுத்து வாங்கியவனுக்கு எதிராகச் செல்லாது. நம் நாட்டு 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தை அறிந்தோர்க்கு இக்கொள்கை புதிதாகத் தோன்றாது.

பதிவு செய்தல் ஒன்று. பதிந்ததைத் தேடிக் கண்டெடுத்தல் மற்றொன்று. உறுதியைக் கந்தோருக்குக் கொண்டு சென்றால் எழுத்தர் ஒருவர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெரிய புத்தகமொன்றிற் பெயர்த்தெழுதுவார். மூல உறுதி உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்படும். இவ்வாறு நாள்வரிசைப்படி எழுதப்பட்ட புத்தகங்கள் நூற்றுக்கணக்கிற் பெருகியபின், ஒரு காணியின் வரலாற்றை எவ்வாறு தேடுவது? கொடுத்தோர் பெயர்வரிசை, பெற்றோர் பெயர்வரிசை என இரண்டு அட்டவணைகள் வைத்தனர். தேடுவோன் இன்றைய உடைமையாளனின் பெயரைப் பெற்றோர் வரிசையிற் கண்டு, அவனுக்குக் கொடுத்தவன் யார் என அறிவான். பின்னர் அவனுக்குக் கொடுத்தவனைத் தேடுவான். இங்ஙனம் பின்னோக்கிச் சென்று அரசாங்கம் முதன்முதல் வழங்கிய உரித்தை அடைவான். அதனோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொருவனும் தன் கையிற் காணி இருந்த காலத்தில் அதனை ஈடு வைத்தானா, வேறொருவனுக்கும் விற்றானா என்பதைக் கொடுத்தோர் வரிசையில் முன்னோக்கி வந்து பார்த்தல் வேண்டும்.

அதன் பின்னரும் நீதிமன்றத்துக்குச் சென்றாக வேண்டும். கடன் வழக்கிலே தீர்ப்புப் பெற்றவனின் பாத்தியதை கடனாளியின் காணிமேல் ஏறியிருக்கலாம். காணியைப் பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கலாம். உடைமையாளன் இறந்து, அவன் மரணசாசனம் ஒன்று கூற, உறுதி வேறொன்று கூறலாம். மனைவி மக்களின் பங்கு தீராதிருக்கலாம். பதிவுக் கந்தோரில் வில்லங்கம் இல்லை எனக் கண்டு வாங்கிய காணி, நீதிமன்ற ஏட்டில் வில்லங்கம் உடையதாய் இருப்பது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. உறுதியை மாத்திரம் பார்த்துக் காணி வாங்குவது, சாதகம் பாராமல் குறிப்பு மாற்றுவதினும் பெரிய துணிச்சல் என்று நம் பெரியோர் நகையாடுவர்.

இனிச் சிக்காகோவுக்கு வருவோம். குக் கவுண்டி 1831 ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. சிக்காகோ 1837 இல் மாநகரம் ஆயிற்று. அதற்கு முன்னர் அந்நிலம் பொற்றவற்றோமி முதலிய பழங்குடி மக்களின் நிலமாயிருந்தது. 1833 ஆம் ஆண்டின் உடன்படிக்கையினால் அவர்கள் மிச்சிகன் ஏரிக்கு மேற்கிலிருந்த தம் நிலங்களைக் கையளித்து, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் ஏக நேர்ந்தது. அம்மக்களின் நிலவுரிமை எந்தப் பதிவுப் புத்தகத்திலும் பெயர்வரிசைப்படி எழுதப்பட்டிருக்கவில்லை. குக் கவுண்டியின் உறுதி வரலாறு ஐக்கிய அமெரிக்க அரசின் வழங்கலிலிருந்தே தொடங்குகின்றது.

அவ்வரசு நிலத்தை வழங்கிய முறை குறிப்பிடத்தக்கது. 1785 ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, குடியேறாத நிலம் முழுவதும் பக்கம் ஆறு மைல் கொண்ட சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 16 ஆம் கூறு பாடசாலைகளைப் பேணுவதற்கென ஒதுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை நடத்தும் தொழிலிலுள்ள என்போன்றோர் அவ்விதியைப் போற்றாதிருக்க இயலாது. ஆயின் சிக்காகோவிலே அதற்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விடவும் இயலாது. அங்கே 16 ஆம் கூறு இன்று நகரின் நடுப்பகுதியிலே விழுந்திருந்தது. 1833 ஆம் ஆண்டு ஒற்றோபரில் அதனை 142 துண்டுகளாக வகுத்து, நான்கைத் தவிர எஞ்சியவற்றையெல்லாம் 40,000 டொலருக்கும் குறைந்த தொகைக்கு விற்றுவிட்டனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்நிலங்களின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் சொத்து போன வழி இது.

நகரம் வளர்ந்த வேகம் வியப்புக்குரியது. 1870 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் அதன் மக்கள் தொகை ஏறக்குறைய 3,00,000. முப்பது ஆண்டுகளுக்கு முன் அது ஐயாயிரத்துக்கும் குறைவாக இருந்தது. ஒரே துண்டு நிலம் ஓராண்டுக்குள் பலர் கைமாறிய காலமது. பெயர்வரிசை அட்டவணையைக் கொண்டு தேடுதல் மிகக் கடினமாயிற்று. ஆகவே தனியார் சிலர், அரசாங்கப் பதிவேட்டைப் பார்த்து, பெயர்ப்படி அன்றிக் காணிப்படி குறிப்பெழுதி வைக்கலாயினர். ஒரு துண்டுக்கு ஒரு பக்கம். அத்துண்டைப் பற்றிய உறுதி, ஈடு, தீர்ப்பு யாவும் அப்பக்கத்திலே. வாங்க விரும்புவோர் கூலி கொடுத்து அதன் உரித்துச் சுருக்கத்தைப் பெற்றுக்கொள்வர். 1871 இல் சேஸ் சகோதரர், ஷோர்ட்டோல் அன்ட் ஹோர்ட், ஜோன்ஸ் அன்ட் செல்லர்ஸ் என்னும் மூன்று நிறுவனங்கள் இத்தொழிலை நடத்திவந்தன.

அவ்வாண்டு கோடை கடும் வரட்சியாயிருந்தது. வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை, நடைபாதைகளும் மரப்பலகையே. ஒற்றோபர் 8 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணியளவில், நகரின் தென்மேற்குப் பாகத்தில் டிகோவன் வீதியிலுள்ள மாட்டுத் தொழுவமொன்றிலே தீ மூண்டது. ஓலியரி என்பாரின் மனைவி பால் கறந்தபோது பசு விளக்கை உதைத்தது என்ற கதை ஊரெங்கும் பரவியது. அவ்வம்மையார் வாழ்நாள் முழுதும் அப்பழியைச் சுமந்தார். 1997 ஆம் ஆண்டிலேயே, அதாவது 126 ஆண்டுகள் கழித்து, சிக்காகோ நகரசபை அவர்மீது குற்றமில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் அதைக் கேட்க இல்லை.

தென்மேற்குக் காற்றின் துணையோடு தீ ஆற்றைத் தாண்டி நகரின் நடுவை அடைந்தது. அங்கே நகரசபையும் கவுண்டியும் சேர்ந்து பயன்படுத்திய பெரிய நீதிமன்ற மாளிகை இருந்தது. 1865 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆபிரகாம் லிங்கனின் உடல் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட மாளிகை அதுவே. சுவர்கள் கல், ஆதலின் அதற்குள்ளிருந்த ஏடுகளுக்கு இடர் இல்லை என்று நம்பியிருந்தனர். ஆயின் உச்சிக் கோபுரம் மரத்தாலானது. நள்ளிரவு கடந்தபின் தீப்பொறி கோபுரத்தைப் பற்றியது. அடித்தளச் சிறையிலிருந்தோரை விடுவிக்கும்படி நகரபிதா மேசன் கட்டளையிட்டார். அதுவரையிலும் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த பெருமணி, கோபுரத்தோடு சரிந்து வீழ்ந்தது. கைதிகள் தப்பினர், ஏடுகள் தப்பவில்லை. 1831 முதல் எழுதப்பட்ட உறுதிப் புத்தகங்களும், அவற்றின் அட்டவணைகளும், வழக்கேடுகளும், மரணசாசனங்களும், பிறப்பு விவாகப் பதிவுகளும் வெந்து நீறாயின. சிக்காகோ வரலாற்றுச் சங்கத்தில் இருந்த, அடிமை விடுதலைப் பிரகடனத்தை லிங்கன் தம் கையால் எழுதிய மூலப்படியும் அத்தீயிலேயே அழிந்தது.

ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். 1,00,000 பேர் வீடிழந்தனர். ஏறக்குறைய 17,500 கட்டடங்கள் எரிந்தன. இவை யாவரும் எழுதுவன. ஆயின் தீ தணிந்த பின்னர் எழுந்த வினா இவற்றினும் ஆழமானது. எரிந்த நிலத்தில் வீடு மீளக் கட்டக் கடன் வேண்டும். கடன் கொடுப்போன் ஈடு கேட்பான். ஈடு வைக்க உரித்தைக் காட்ட வேண்டும். மூல உறுதி வீட்டோடு எரிந்தது. அதன் பெயர்ப்பு நீதிமன்றத்தோடு எரிந்தது. சாம்பல் மேட்டின்மேல் நின்று இது என் நிலம் என்று கூறுவோனுக்குச் சான்று எங்கே? பொய்யுறுதி எழுதிக்கொண்டு வருவோனை மறுப்பதற்குத்தான் சான்று எங்கே?

இங்கேதான் உரித்துச் சுருக்கம் எழுதிய அந்த மூன்று நிறுவனங்களும் வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஷோர்ட்டோல் என்பவர் அயர்லாந்திற் பிறந்தவர். அவருடைய அலுவலகம் நீதிமன்றத்துக்கு அண்மையில் இருந்தது. தீ நெருங்கியபோது, மக்கள் தம் பொருளை ஏற்ற வண்டியின்றித் தவித்த அவ்வேளையில், சுழல் துப்பாக்கியைக் காட்டி ஒரு வண்டியை மறித்துத் தம் குறிப்புப் புத்தகங்களை ஏற்றிச் சென்றார் என்று சொல்லப்படுகின்றது. அவரே பிற்காலத்தில் விலங்குகளையும் பிள்ளைகளையும் கொடுமையினின்று காக்கும் இல்லினோய்ச் சங்கத்திற்கு நெடுங்காலம் தலைவராயிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றைய இரு நிறுவனத்தாரும் இயன்றவற்றைக் காத்தனர். எவரிடமும் முழுத்தொகுதி எஞ்சவில்லை. எனினும் ஒருவர் குறை மற்றவரால் நிறைவெய்தியது. மூவரும் தொழிலை ஒன்றுசேர்த்தனர். கவுண்டியிடம் இல்லாத கவுண்டி வரலாறு தனியார் மூவரின் கையிலே இருந்தது. இது நன்மையும் தீமையும் ஒருங்கே உடைய நிலை. அவர்கள் இல்லாவிடின் நகரம் முழுவதும் வழக்கு மன்றத்தில் நின்றிருக்கும். அவர்கள் இருந்தமையால் அவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

இல்லினோய்ச் சட்டசபை 1872 ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒரு சட்டத்தை இயற்றியது. எரிந்த பதிவேட்டுச் சட்டம் என்று அதனைக் கூறுவர். தப்பிய மூல உறுதிகளை மீளப் பதியலாம் என்றது. அழிவுக்கு முன்னர் வழமையான தொழில் முறையில் எழுதப்பட்ட உரித்துச் சுருக்கங்களைச் சான்றாக ஏற்கலாம் என்றது. இவற்றினும் முக்கியமானது, காணியுடையோன் எவனும் நீதிமன்றத்திலே மனுச்செய்து, தன் உரித்தை உறுதிப்படுத்தித் தீர்ப்புப் பெறலாம் என்னும் விதி. எதிர்த்தரப்பார் யார் என்று தெரியாதபோது, இதனால் எவரேனும் சாரப்படின் அவர்க்கு என்று பொதுப்படப் பத்திரிகையில் அறிவித்தல் போதும். உறுதி அழிந்த இடத்தில் தீர்ப்பே உறுதியாயிற்று. நிலம் முதன்முதல் அரசாங்கத்தால் வழங்கப்பட்ட பத்திரங்களின் பதிவு வாஷிங்ரனில் இருந்தமையால் அடிவேர் தப்பியிருந்தது. வேருக்கும் கொப்புக்கும் இடைப்பட்ட தண்டையே மீளக் கட்ட வேண்டியிருந்தது.

இவ்வேற்பாட்டினால் வழக்கறிஞரை அமர்த்த வசதியுடையோர் விரைவிற் பயன்பெற்றனர். தவணைக்கு நிலம் வாங்கிய கூலித் தொழிலாளனுக்கு மனுச் செலவே பெருஞ்சுமை. இக்குறையை நீக்கக் கருதியோர் அவுஸ்திரேலியாவை நோக்கினர். தென் அவுஸ்திரேலியாவிலே றொபேட் றொறென்ஸ் என்பார் 1858 ஆம் ஆண்டில் ஒரு முறையைச் சட்டமாக்கியிருந்தார். உறுதிகளைப் பதியாமல் உரித்தையே பதிவது அவர் முறை. பதிவேட்டிற் பெயருள்ளவனே உடையோன். பின்னோக்கித் தேட வேண்டியதில்லை. இல்லினோய் 1895 இல் இதனைச் சட்டமாக்கியது. மறு ஆண்டிலே மாநில உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. 1897 இல் வேறொரு சட்டம் வந்தது. குக் கவுண்டி மக்கள் அதனை ஏற்றனர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடந்து, 1990 களில் புதிய முறையே கைவிடப்பட்டது. நம் நாட்டிலே 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் பின்பற்றுவது இதே றொறென்ஸ் முறையைத்தான். சிக்காகோவின் அனுபவத்தை நம்மவர் படித்துப் பார்ப்பது நன்று.

1906 ஆம் ஆண்டு ஏப்பிரலில் சன் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தபோதும் இதே கதை. மக்னேனி சட்டம் என்று அங்கே ஒன்று பிறந்தது. 1911 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்நகரத் தீயில் பிறப்புப் பதிவுகளும் எரிந்தன. சீனரைக் குடியேற விடாத கொடுஞ்சட்டம் நிலவிய காலம் அது. பதிவு எரிந்தமையால், இந்நாட்டிலேயே பிறந்தேன் எனச் சீனர் பலர் உரிமை கோர முடிந்தது. ஒருவனை நடுத்தெருவில் விட்ட தீ மற்றொருவனுக்கு வாயில் திறந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டு ஏற்பாட்டையும் ஒப்புநோக்குதல் பொருந்தும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணி உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகள் இருவரோடு முடித்தல் வேண்டும். நொத்தாரிசு மூலத்தை உரியவரிடம் கொடுப்பார். ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார். இன்னொரு பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்கு முன் காணிப் பதிவாளருக்கு அனுப்புவார். ஆக ஓர் உறுதி மூன்றிடங்களில் வாழ்கின்றது. சிக்காகோவில் இரண்டிடங்களிலேயே வாழ்ந்தது. இரண்டும் ஒரே நகரத்தில் இருந்தன. போரின் காரணமாக வடக்கிலும் கிழக்கிலும் வீட்டைவிட்டு ஓடியோர் பலர் உறுதிகளை இழந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர், பதிவாளரிடமுள்ள பிரதியைத் தேடி அத்தாட்சிப்படி பெற்றே தம் காணியைக் காட்டினர். உறுதி இலக்கமும் ஆண்டும் நினைவிலிருந்தோர் எளிதிற் பெற்றனர். அல்லாதோர் பெயரைக் கொண்டும் குறிச்சியைக் கொண்டும் பக்கம் பக்கமாகத் தேட நேர்ந்தது.

வேறோர் இடரும் இருந்தது. நம் காலாவதிக் கட்டளைச் சட்டம், தற்செயலாக, 1871 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 22 ஆம் இலக்கம். பத்தாண்டு தடையின்றி, உடையோனுக்கு மாறாக ஆட்சி செய்தவன் உரித்துப் பெறலாம் என்பது அதன் விதி. ஊருக்குத் திரும்ப முடியாத நிலையில் முகாமிலே பத்தாண்டும் அதற்கு மேலும் கழித்தவனின் காணியில் மற்றொருவன் குடியிருந்தால் அவ்விதி அவனை என்செய்யும்? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் இவ்வாறு வழக்கிட இயலாதிருந்தோர்க்கு விலக்களிக்க வந்தது. அவ்விலக்கைப் பெறவும் ஏடு வேண்டும். எந்நாளில் ஊரை விட்டோம், எங்கே பதிந்திருந்தோம் என்பதற்குச் சான்று வேண்டும்.

சிக்காகோவிலே பதிவேடுகள் மீண்டும் பெருகின. ஆயின் பதிவேடு உரிமையைக் காப்பது போலவே உரிமையைப் பறிக்கவும் பயன்பட்டது. 1920 களில் தொடங்கி, கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வெள்ளையர் தமக்குள் உடன்படிக்கை எழுதி, அதனைக் கவுண்டிக் கந்தோரிலே பதிவு செய்தனர். பதியப்பட்டதால் அது நிலத்தோடு ஒட்டி, பின்வருவோரையும் கட்டியது. 1937 இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்னும் கறுப்பின வணிகர் அத்தகைய பகுதியொன்றில் வீடு வாங்கினார். அயலார் வழக்கிட்டனர். வீதிமுகப்பில் 95 விகிதத்துக்கு உரியோர் கையொப்பமிட்டாலே அவ்வுடன்படிக்கை செல்லும் என்பது அதன் நிபந்தனை. முந்திய வழக்கொன்றில் இரு தரப்பாரும் அந்நிபந்தனை நிறைவேறியதென ஒத்துக்கொண்டிருந்தமையால், அத்தீர்ப்பே ஹான்ஸ்பெரியையும் கட்டும் என்று மாநில நீதிமன்றம் கூறியது. ஏட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தபோதோ, கையொப்பம் ஏறக்குறைய 54 விகிதத்துக்கே இருந்தது! முந்திய வழக்கில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1940 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரிக்கு அத்தீர்ப்புக் கட்டுப்பாடாகாது என்று முடிவு செய்தது. அவர் மகளே பிற்காலத்தில் 1959 இல் மேடையேறிய புகழ்பெற்ற நாடகத்தை எழுதிய லொறெயின் ஹான்ஸ்பெரி. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்ற பொதுத் தீர்ப்பு 1948 இலேயே வந்தது.

தீர்ப்பு வந்தபின்னும் வங்கிகள் கறுப்பினத்தவருக்கு வீட்டுக் கடன் கொடுக்க மறுத்தன. அதனைப் பயன்படுத்தித் தரகர்கள் புதியதொரு வழி கண்டனர். வெள்ளையரை அச்சுறுத்தி மலிவாக வீட்டை வாங்குவர். அதையே கறுப்பினக் குடும்பத்துக்கு இருமடங்கு விலையில் தவணைக்குக் கொடுப்பர். கடைசித் தவணை கட்டும்வரை உறுதி விற்றவனிடமே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போம், கட்டிய பணமும் போம். வாங்கியோன் பெயர் பதிவேட்டில் ஏறாது. ஆகவே அவனுக்கு வீட்டின் உண்மை விலையும் தெரியாது. தன் அயலவனுக்கு நேர்ந்ததும் தெரியாது.

மார்க் சட்டர் என்னும் வழக்கறிஞர் 1965 இல் இறக்கும்வரை இக்கொடுமையை நீதிமன்றங்களில் எதிர்த்தார். 1968 இல் நகரின் மேற்குப் பாகமான லோண்டேலில், தவணைக்கு வாங்கியோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களுக்குத் துணையாக வந்த மாணவர் சிலர் செய்த வேலை ஆரவாரமற்றது. காணிப் பதிவேடுகளின் முன் நாட்கணக்கில் அமர்ந்து, ஒவ்வொரு வீட்டையும் விற்றவன் அதனை என்று, என்ன விலைக்கு வாங்கினான் என்பதைக் குறித்தெடுத்தனர். அவ்வட்டாரத்தில் 27,500 டொலருக்கு வீடு வாங்கிய ஒருவர், விற்றவன் ஆறு மாதங்களுக்கு முன் அதனை 12,000 டொலருக்கே வாங்கியிருந்தான் என்பதை அறிந்தார். அத்தகைய கணக்குகள் வீட்டுக்கு வீடு வெளிவந்தன. சங்கத்தார் மாதத் தவணையைக் கட்ட மறுத்துப் போராடினர்; சிலர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர்; பலருடைய ஒப்பந்தங்கள் குறைந்த தொகைக்கு மீள எழுதப்பட்டன. சமஷ்டி நீதிமன்றத்தில் இட்ட வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டுத் தோல்வியில் முடிந்தன.

குக் கவுண்டியின் உறுதிப் பதிவுக் கந்தோர் 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது. அண்மைக் காலத்து உறுதிகளை இப்பொழுது கணினியிலே பார்க்கலாம். அவ்வலுவலகம் நெடுங்காலம் இயங்கிய கவுண்டிக் கட்டடம் கிளாக் வீதியில் உள்ளது. 1871 இல் மணியோடு சரிந்த நீதிமன்றம் நின்ற அதே சதுக்கம் அது.